கீழ வீட்டுப் பங்காளிகள்

தேர் புதுப்பித்து ஓடப்போகிறது என்பதற்காக எங்கள் பங்காளிகள் ஃபிளெக்ஸ் அடிக்க முடிவு செய்தார்கள். சாதாரண ஃபிளெக்ஸ் இல்லை. எங்கள் வம்சாவளியை, மேலே பூட்டனுக்குப் பூட்டனில் தொடங்கி கீழே போன மாதம் பிறந்த பிள்ளை வரை, கோடு கோடாக இழுத்து, தலைக்குத் தலை போட்டோ ஒட்டி, கோயில் வாசலில் நிறுத்த வேண்டுமாம். ஆலங்குடியில் ஒரு கடையில் அழகாகச் செய்து தருகிறார்களாம். செத்துப்போன பெரியவர்களுக்குப் போட்டோ இல்லாவிட்டால் கவலை வேண்டாம், தலைப்பாகை கட்டிய ஒரே படத்தை எல்லோருக்கும் பொதுவாகப் போட்டுவிடலாம் என்று கடைக்காரர் யோசனை சொல்லியிருக்கிறார். அதற்கும் இவர்கள் தலையை ஆட்டிவிட்டு வந்திருக்கிறார்கள்.

பெயர்களை வரிசைப்படுத்தி எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. நான் முப்பது வருஷத்துக்கு மேல் பத்திர ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவள். பழைய பத்திரங்களைப் படித்து நகல் எழுதுவதுதான் என் வேலை. புள்ளி இல்லாமல், சொல்லுக்குச் சொல் இடைவெளி இல்லாமல், ஒரே கொடியாக இழுத்து எழுதிய அந்தக் காலத்துக் கையெழுத்தைப் படிக்க எங்கள் பக்கத்தில் இப்போது ஆள் இல்லை. கல்யாணம் ஆகாதவள், பிள்ளை குட்டி இல்லை, பொழுதுக்கும் சும்மாத்தான் இருக்கிறேன் என்பது அவர்கள் சொல்லாமல் விட்ட இன்னொரு தகுதி.

என் தம்பிதான் வந்து சொன்னான். எங்கள் வீட்டுக்கு இப்போது அவன்தான் பெரியவன். நான் அவனுக்கு மூத்தவள் என்றாலும் பெண்பிள்ளை கணக்கில் வராது.

"நீயே எழுதிரு அக்கா. வேற யாரு எழுதினாலும் மேல வீட்டுக்காரங்க நொட்டை சொல்லுவாங்க."

"நான் எழுதினா மட்டும் சொல்ல மாட்டாங்களா?"

"ஒன்னைய எதுத்துப் பேச அவங்களுக்குப் பயம்க்கா."

இது எனக்குப் பெருமையாக இருந்ததா என்று கேட்டால், இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது.

எங்கள் ஊர் வல்லத்திராக்கோட்டையிலிருந்து பிரிந்து போகும் சாலையில் இருக்கிறது. கடலை, கொஞ்சம் முந்திரி, போர்வெல் வந்த பிறகு கொஞ்சம் தென்னை. ஊரில் எங்கள் பங்காளிகள் மூன்று வீடு. மேல வீடு, நடு வீடு, கீழ வீடு. அண்ணன் தம்பி மூன்று பேரின் வழி. நாங்கள் நடு வீடு. தேரோட்டத்தன்று வடத்தை முதலில் தொட்டுக் கொடுக்கும் உரிமை இந்த மூன்று வீட்டுக்கும் முறை வைத்து வரும். ஒரு வருஷம் ஒரு வீடு. தொட்டுக் கொடுப்பவருக்குத் தலையில் பரிவட்டம் கட்டி, மாலை போட்டு, கொட்டு மேளத்தோடு வீட்டில் கொண்டுவந்து விடுவார்கள். தேர் பழுதாகிப் பல வருஷம் ஓடவில்லை. இந்த வருஷம் ஓடுகிறது. முறை, கீழ வீட்டுக்கு.

அங்கேதான் பிரச்சினை. கீழ வீட்டில் இப்போது தலைக்கட்டு என்று இருப்பது ஒரே ஒருவன். துபாயில் ஏசி மெக்கானிக். வடம் தொடுவதற்காகவே லீவு போட்டு வரப்போகிறான். மேல வீட்டு ஆட்கள் சிலருக்கு அது பொறுக்கவில்லை. "கீழ வீட்டுக்காரங்க வேரு எங்கிட்டு இருக்குன்னு யாருக்குத் தெரியும்?" என்று டீக்கடையில் ஒருவர் சொல்ல, அது ஊரைச் சுற்றி என் காதுக்கு வந்தது. அதனால்தான் இந்த ஃபிளெக்ஸில் எல்லாமே ஆதாரத்தோடு இருக்க வேண்டும் என்று மேல வீட்டுக்காரர்கள் அழுத்திச் சொன்னார்கள். ஆதாரம் இல்லாத கோடு இருந்தால் அந்தக் கோட்டை எடுத்துவிடுவது என்று பேச்சு. கோட்டை எடுத்தால் முறையும் போய்விடும்.

தம்பி இரும்புப் பெட்டியைத் திறந்து ஒரு துணி மூட்டையைக் கொண்டுவந்து கொடுத்தான். அந்தப் பெட்டியை அப்பா காலத்திலும் சரி, அதற்கு முன்பும் சரி, ஆண்கள் மட்டும்தான் திறப்பார்கள். உள்ளே இருப்பதை அவர்களால் படிக்க முடியாது. படிக்கத் தெரிந்த என்னிடம் கொடுக்க மாட்டார்கள். ஊர்க்காரர்களின் பத்திரம் எல்லாவற்றையும் படித்தவள் எங்கள் வீட்டுக் காகிதத்தை அறுபது வயதுக்கு மேல்தான் தொட்டேன்.

முதலில் இருந்தது வம்சாவளி. சமஸ்தானத்து முத்திரை வைத்த சான்று நகல். வெள்ளைக்காரன் மேலே இருக்க, மகாராஜா கீழே இருந்து எங்கள் சீமையை ஆண்ட காலம் அது. வடம் தொடும் ஊழியத்துக்காக எங்கள் முன்னோருக்கு மானியமாகப் புஞ்சை விட்டிருந்தார்கள். அந்தப் புஞ்சையை யார் யார் அனுபவிக்கிறார்கள், அவர்கள் யாருக்குப் பிறந்தவர்கள் என்று அதிகாரிகள் வந்து விசாரித்தபோது கொடுத்தது இந்தக் காகிதம்.

இப்போதுள்ளவர்களுக்கு அதன் கனம் புரியாது. இன்றைக்கு யாரென்று கேட்டால் ஆதார் அட்டையை நீட்டுகிறோம். அன்றைக்கு ஒரு மனிதனுக்கு அட்டை அவனுடைய அப்பனும் பாட்டனும்தான். இன்னார் மகன், இன்னார் பேரன் என்று கணக்குப்பிள்ளை எழுதிக் கையெழுத்துப் போட்டால் நிலத்தில் இறங்கலாம், கச்சேரியில் சாட்சி சொல்லலாம், கோயிலில் விபூதி வாங்க வரிசையில் முன்னால் நிற்கலாம், பெண் கேட்கப் போகலாம். எழுதாவிட்டால் ஊரில் இருந்துகொண்டே இல்லாத ஆள். என் ஆபீசில் எத்தனையோ வம்சாவளிகளைப் பார்த்திருக்கிறேன். வழக்கு நடந்த குடும்பங்களில் ஒவ்வொரு தரப்பும் தனித்தனியாக ஒன்று வைத்திருப்பார்கள். ஒன்றில் இருக்கும் சித்தப்பா இன்னொன்றில் இருக்க மாட்டார். எங்கள் வீட்டுக் காகிதம் அப்படிப்பட்டது இல்லை என்றுதான் நானும் நினைத்தேன். அவரவர் வீட்டு விஷயத்தில் எல்லோருமே ஏமாளிகள்.

வம்சாவளியில் ஒரு குறையும் இல்லை. மூன்று அண்ணன் தம்பிகள். நடுவில் உள்ளவர் என் பூட்டன். கடைசித் தம்பி வாந்திபேதியில் செத்தார், அவருக்கு ஒரு குமாரன் என்று எழுதியிருந்தது. அந்தக் குமாரன்தான் கீழ வீட்டின் தொடக்கம். கணக்குப்பிள்ளை கையெழுத்து, நான்கு சாட்சிகள், முத்திரை எல்லாம் சரியாக இருந்தன. மேல வீட்டுக்காரர்கள் மூக்கில் விரலை வைக்கட்டும் என்று நினைத்துக்கொண்டு அதை ஒரு தாளில் பெயர்த்து எழுதினேன்.

அதற்கு அடியில் இன்னொரு காகிதம் நான்காக மடித்துக் கிடந்தது. முத்திரை இல்லை. அதே கணக்குப்பிள்ளையின் கையெழுத்து. இது சர்க்காருக்கு எழுதியது இல்லை. ஒரு ஆள் என் பூட்டனுக்கு எழுதிக் கொடுத்த உடன்படிக்கை.

காலை பதினோரு மணி இருக்கும். அடுப்பில் பருப்பு வெந்துகொண்டிருந்தது. நான் படித்ததை அப்படியே சொல்கிறேன்.

எழுதிக் கொடுத்தவர் விராலிமலைப் பக்கத்திலிருந்து பஞ்சம் பிழைக்க வந்து எங்கள் புஞ்சையில் உழுதவர். சாதி ஒன்றுதான். ஆனால் ஊர் வேறு, கிளை வேறு, குலசாமி வேறு. என் பூட்டனின் தம்பியும் அவர் மனைவியும் வாந்திபேதியில் அடுத்தடுத்துச் செத்தபோது அவர்களுக்குப் பிள்ளை கிடையாது. வாரிசு இல்லாத பங்கு சர்க்காருக்குப் போய்விடும். தத்து எடுக்கலாம் என்றால் அதற்கு மேலிடத்து உத்தரவு வேண்டும், அது லேசில் கிடைக்காது. அதனால் உழவரின் இளைய மகனை, செத்துப்போன தம்பிக்குப் பிறந்த பிள்ளை என்று வம்சாவளியில் எழுதிவிடுவது. இதற்கு உழவர் சம்மதிக்கிறார். மானியப் பங்கும் கோயில் முறையும் பையனுக்கு. மற்றபடி என் பூட்டனின் வீடு, கிணறு, சொந்தப் புஞ்சை எதிலும் பையனுக்கோ அவன் சந்ததிக்கோ யாதொரு பாத்தியமும் கிடையாது.

இது வரைக்கும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பூட்டன் கெட்டிக்காரர் என்றுகூட நினைத்தேன். அடுத்து இரண்டு வரி இருந்தது.

"இது வெளியில் தெரியாதபடிக்கு இன்று முதல் இரு வீட்டாரும் பங்காளி முறையாய் நடந்துகொண்டு பிறப்பு இறப்புத் தீட்டு ஒன்றாய்க் காத்து வருவோமாகவும். இரு வீட்டாருக்குள்ளும் கொள்வினை கொடுப்பினை எக்காலத்திலும் செய்துகொள்ளாமல் இருப்போமாகவும்."

பெண் கொடுத்து எடுத்தால் பங்காளி இல்லை என்று சர்க்காருக்குத் தெரிந்துவிடுமே. அதனால் அந்த ஷரத்து. ஆபீசில் எழுதும் எவனும் அதைத்தான் முதலில் போடுவான். நான் எழுதியிருந்தாலும் போட்டிருப்பேன்.

பருப்பு அடிப்பிடித்த வாசனை வந்தது. போய் இறக்கினேன். மேலாக எடுத்து ரசத்துக்கு வைத்துக்கொண்டு பாத்திரத்தை ஊறப்போட்டேன். பிறகு வந்து உட்கார்ந்து மறுபடியும் படித்தேன். எழுத்து மாறவில்லை.

கீழ வீட்டில் ஒருவர் இருந்தார். துபாயிலிருந்து வரப்போகிறவனின் அப்பா. என்னைவிட மூன்று வயது மூத்தவர். எனக்கு வேலை கிடைத்த புதிதில் நான் ஏறுகிற பஸ்ஸில் அவர்தான் கண்டக்டர். காலை எட்டே காலுக்கு எங்கள் நிறுத்தத்துக்கு வரும் பிரைவேட் பஸ். கூட்டத்தில் நான் பின்னால் நின்றால் "தங்கச்சிக்கு எடம் விடுங்கப்பா" என்பார். ஊரில் எல்லோரும் பார்க்க, எல்லோரும் கேட்க அப்படித்தான் சொல்ல முடியும். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுக்கும்போது ஒன்றும் சொல்ல மாட்டார். அவர் சொல்லாமல் இருப்பது எனக்குக் கேட்கும். நான்கு வருஷம் அந்த பஸ்ஸில் போனேன். பத்து நிமிஷம் முந்தி வரும் சர்க்கார் பஸ்ஸில் நான் ஒரு நாளும் ஏறவில்லை.

பங்காளி வீட்டு அண்ணனை அப்படி நினைக்கலாமா என்று எனக்கு நானே செருப்பால் அடித்துக்கொண்ட நாட்கள் அவை. வெளியில் யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டுவதற்கு யாருக்கும் ஒன்றும் தெரியாது. நானே நினைத்து, நானே கூசி, வெள்ளிக்கிழமை கோயிலில் போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டு வருவேன். உடம்பில் ஒரே ரத்தம் ஓடுகிறது என்று அவ்வளவு நிச்சயமாக நம்பினேன். அவருடைய மூக்கும் என் அப்பாவின் மூக்கும் ஒரே மாதிரி இருப்பதாகக்கூட எனக்குத் தோன்றும்.

ஒரு நாள் சாயங்காலம் கடைசி ஆளாக நான் இறங்கும்போது அவரும் கூடவே இறங்கினார். டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தார்.

"ஒன்னு கேக்கணும்" என்றார். பெயரும் சொல்லவில்லை, தங்கச்சி என்றும் சொல்லவில்லை. "நாம ரெண்டு பேரும் எங்கிட்டாவது போயிருவமா?"

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆனால் வாய் ஓடியது.

"என்னண்ணே பேசுறீங்க?" என்றேன். அண்ணே என்பதை வேண்டுமென்றே அழுத்திச் சொன்னேன். "நாளைக்கு ஊருக்குத் தெரிஞ்சா மூணு வீடும் நாண்டுக்கிட்டுச் சாகணும்ணே."

அவர் தலையைக் குனிந்துகொண்டு விசிலை விரலில் சுற்றினார். பிறகு பஸ்ஸில் ஏறிவிட்டார். அடுத்த வாரத்திலிருந்து அந்த பஸ்ஸில் வேறு கண்டக்டர். இவர் விராலிமலை வழியாக மதுரை போகும் வண்டிக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார் என்று சொன்னார்கள். இரண்டு வருஷம் கழித்து அவருக்குக் கல்யாணம் ஆயிற்று. பங்காளிப் பெண்ணாகப் போய் நான் வெற்றிலைத் தட்டைத் தூக்கிக்கொண்டு நின்றேன். பெண் நல்ல பெண். இன்று வரை என்னை "நாத்தனா" என்றுதான் கூப்பிடுகிறாள்.

எனக்கும் மாப்பிள்ளை பார்த்தார்கள். ஒருவர் பல் எடுப்பு, ஒருவர் வாத்தியார், ஒருவருக்கு வேலைக்குப் போகும் பெண் வேண்டாம். ஒவ்வொன்றாகத் தட்டிக் கழித்தேன். பிறகு அம்மா படுக்கையில் விழுந்தார். பிறகு கேட்கும் வயது போய்விட்டது. அவருக்காகத்தான் இருந்துவிட்டேன் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் வேறு காரணமும் என்னால் சொல்ல முடியாது.

ஆறு வருஷத்துக்கு முன் அவர் இறந்தார். ஈரல் கெட்டு மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். நான் இரண்டு முறை பங்காளிகளோடு சேர்ந்து போய்ப் பார்த்தேன். இறந்த அன்று எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. தம்பி மொட்டை போட்டான். பதினாறு நாள் தீட்டு. கோயிலுக்குப் போகவில்லை, தலையில் பூ இல்லை, யார் வீட்டு விசேஷத்துக்கும் போகவில்லை. பெரிய துக்கம் என்று யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்தப் பதினாறு நாளும் எனக்கு முறைப்படி கிடைத்தவை. அவற்றை நான் முழுசாக எடுத்துக்கொண்டேன்.

இப்போது இந்தக் காகிதம் சொல்கிறது, எனக்கும் அவருக்கும் தீட்டே கிடையாது என்று.

அழுகை வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன். வரவில்லை. கோபம் வரவேண்டும் என்று நினைத்தேன். யார்மேல் வருவது? பூட்டனை நான் பார்த்ததுகூட இல்லை. ஒரு பங்கு புஞ்சை சர்க்காருக்குப் போகாமல் காப்பாற்றினார், அவ்வளவுதான். அந்தப் புஞ்சையும் இப்போது இல்லை. சமஸ்தானம் போய், மானியம் போய், கைமாறி அதில் இப்போது பெட்ரோல் பங்க் நிற்கிறது. விஷயம் தெரிந்தவர்கள் எல்லோரும் செத்துவிட்டார்கள். தெரியாத நாங்கள் அந்த ஷரத்தை ஒரு வரி பிசகாமல் நிறைவேற்றிக்கொண்டிருந்தோம். கேட்க ஆள் இல்லாத உடன்படிக்கையை இப்படிக் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றிய மடையர்கள் வேறு எந்தச் சீமையிலும் இருக்க மாட்டார்கள்.

மத்தியானம் சாப்பிட்டேன். ரசம் நன்றாக இருந்தது. அது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

சாயங்காலம் தம்பி வந்தான்.

"என்னக்கா, அடியில இருந்ததுல என்ன போட்டிருக்கு?"

"ஏதோ கெணத்துப் பாத்தியம். அழிஞ்சு போச்சு, சரியாத் தெரியலை."

"அப்ப விடு. வம்சாவளி தெளிவா இருக்குல்ல?"

"இருக்கு."

அவன் போய்விட்டான். நான் அந்தக் காகிதத்தைப் பீரோவில் சேலைகளுக்கு அடியில் வைத்தேன். எதற்காக மறைத்தேன் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் மேல வீட்டுக்காரர்கள் கீழ வீட்டுக் கோட்டை அன்றைக்கே அழித்துவிடுவார்கள். துபாயிலிருந்து வருகிறவன் பரிவட்டம் கட்ட வந்து வேடிக்கை பார்க்க நிற்பான். பரம்பரையாகக் கும்பிட்ட குலசாமி அவர்களுடையது இல்லை என்றாகும். சொல்லாவிட்டால் நான் அவருக்குத் தங்கச்சி. ஊர் முழுக்கப் பார்க்கும்படி, கோயில் வாசலில், ஃபிளெக்ஸில் தங்கச்சி. கல்யாணம் ஆகிப் போன பெண்களை வம்சாவளியில் எழுதுவதில்லை, ஆனால் ஆகாதவளை விடமுடியாது என்று எனக்கு ஒரு கட்டம் ஒதுக்கியிருந்தார்கள். அவர் கட்டத்துக்கு நேராக, அதே வரிசையில்.

மூன்று வாரம் அந்தத் தாளை முடித்துக் கொடுக்காமல் இழுத்தடித்தேன். கண்ணில் தண்ணீர் வடிகிறது என்றேன், முழங்கால் வலி என்றேன். காலையில் எழுந்து வாசல் தெளிப்பேன், டிவி போடுவேன், அதில் என்ன ஓடியது என்று கேட்டால் தெரியாது. கைகால்கள் அவை பாட்டுக்கு வேலை செய்தன. சில சமயம் பீரோவைத் திறந்து சேலைகளைப் பார்த்துவிட்டு மூடிவிடுவேன். எனக்கு நடந்தது போலவே இல்லை. யாரோ ஒருத்தியின் பத்திரத்தைப் படித்தது போலத்தான் இருந்தது. நகல் எடுத்து எடுத்து எனக்கு அப்படி ஒரு பழக்கம் வந்துவிட்டது போல.

தேருக்குப் பத்து நாள் இருக்கும்போது அவன் துபாயிலிருந்து வந்துவிட்டான். மறுநாளே என் வீட்டுக்கு வந்தான். பேரீச்சம்பழம் ஒரு டப்பா, வலித் தைலம் இரண்டு பாட்டில். அவன் அப்பா நிற்கும் தினுசு அவனிடம் அப்படியே இருக்கிறது. ஒரு காலில் பாரத்தைப் போட்டு, ஓடுகிற பஸ்ஸில் நிற்பது போல.

"அத்தை, நல்லாருக்கீங்களா?"

"இருக்கேன்ப்பா. ஒக்காரு. காப்பி போடவா?"

"வேணாம் அத்தை. ஒரு விஷயமாத்தான் வந்தேன்." கொஞ்சம் தயங்கினான். "எங்க வீட்டைப் பத்தி மேல வீட்டுல ஒரு மாதிரியாப் பேசுறாங்களாம்ல. வேரு இல்லை, விழுது இல்லைன்னு."

"பேசுறவங்க பேசிட்டுத்தான் இருப்பாங்க."

"இல்லத்தை. எங்க தாத்தாவே ஒருக்கா குடிச்சுட்டு, நாம இந்த ஊரு இல்லடான்னு ஒளறினாராம். அப்பா அப்ப எளவட்டமாம். அதுலருந்து அவருக்கு மனசுல ஒரு இதுதான். அந்தச் சமயத்துல வீட்டுப் பரணையில இது கெடைச்சிருக்கு."

சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தான். உள்ளே நான்காக மடித்த காகிதம். பிரிக்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் கையெழுத்தை மூன்று வாரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேனே. அதே உடன்படிக்கைக்கு இரு வீட்டாரும் ஆளுக்கொரு படி எழுதி வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

"யாராலயும் படிக்க முடியலையாம். அப்பா ஆஸ்பத்திரியில கெடக்கும்போது என்கிட்டச் சொன்னாரு அத்தை. இதை ஒங்க நடு வீட்டு அத்தைகிட்டக் குடுத்துப் படிக்கச் சொல்லுன்னு. நான் அதுக்கப்பறம் துபாய்க்குப் போயிட்டேன், மறந்தே போச்சு. இப்ப இந்தப் பேச்சு வரவுந்தான் நெனப்பு வந்துச்சு."

"அவரே என்கிட்டக் குடுத்திருக்கலாமே" என்றேன். என் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"எடுத்துட்டு வந்தாராம் அத்தை. கல்யாணத்துக்கு முந்தி, ஒங்க ஆபீசுக்கு. கூட்டமா இருந்துச்சாம். நீங்க வேலையில இருந்தீங்களாம், அவரைப் பாக்கலையாம். கொஞ்ச நேரம் நின்னுட்டுத் திரும்பிட்டேன்னு சொன்னாரு."

அன்றைக்கு நான் அவரைப் பார்த்தேன்.

முகூர்த்த நாள், ஆபீஸ் நிறைய ஆட்கள். அவர் கம்பிக்கு அந்தப் பக்கம் மஞ்சள் பையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தப் பேச்சைத்தான் மறுபடியும் எடுக்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன். நாலு பேர் முன்னால் என்னை அசிங்கப்படுத்தப் போகிறார் என்று நினைத்தேன். அவர் வாயைத் திறப்பதற்கு முன்னால், "நகல் வேணும்னா மனு எழுதிட்டு வரிசையில வாங்கண்ணே" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். என்ன விஷயம் என்று கேட்கவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது ஆள் இல்லை. அப்பாடா என்றிருந்தது எனக்கு.

அதைத்தான் அவர் மகனிடம், அத்தை என்னைப் பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கிறார்.

அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு வேண்டியது ஒன்றுதான். தேரன்று அவன் கை வடத்தில் படலாமா, படக்கூடாதா. நான் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு காகிதத்தைப் பிரித்து மடியில் வைத்தேன். விரலை வைத்து வரி வரியாக நகர்த்தினேன். கொள்வினை கொடுப்பினை என்ற இடத்தில் விரல் வந்தது. அங்கேயும் நிற்காமல் கடைசிச் சாட்சி வரைக்கும் போனேன்.

"என்ன அத்தை போட்டிருக்கு?"

"மூணு வீடும் அண்ணன் தம்பி வழி. நெலத்தைப் பாகம் பிரிச்சுக்கிட்டாலும் தீட்டு ஒண்ணு, சாமி ஒண்ணு, முறை மூணு வீட்டுக்கும் சமம். இதான் எழுதியிருக்கு."

அவன் மூச்சை இழுத்து விட்டான். கண் கலங்கிவிட்டது. ஆண்பிள்ளை என்பதால் சட்டென்று துடைத்துக்கொண்டான்.

"தாத்தா சும்மா போதையில ஒளறியிருக்காரு. பாருங்க, இதை வச்சுக்கிட்டு அப்பா இத்தன வருஷம் மருகிருக்காரு. இருந்திருந்தா அவருதானே இன்னைக்கு வடம் தொடணும்." காகிதத்தை மடித்து உறைக்குள் வைத்தான். எழுந்தவன், வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். "எனக்கு ஒண்ணுதான் அத்தை வெளங்கலை. சாகுற நேரத்துலயும் ஒங்ககிட்டத்தான் படிக்கக் குடுக்கணும்னு சொன்னாரு. இதுல என்ன இருக்கும்னு நெனச்சாரு?"

"சொந்தம் சரியா இருக்கான்னு பாத்துக்கிறதுக்குத்தான்ப்பா."

"சரியாத்தானே இருக்கு?"

"இருக்கு" என்றேன். "அவரு எனக்கு அண்ணந்தான்."